மகாகவி மில்டனின் இல்லறம்

1654 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28 ஆந் திகதி, இலண்டன் மாநகரில் வாழ்ந்த கண்ணிழந்த அறிஞர் ஒருவர், பாரிஸில் தங்கியிருந்த தம் நண்பருக்கு இலத்தீன் மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதுவித்தார். நண்பர் ஏதென்ஸ் நகரத்தவர். பிலாராஸ் என்னும் பெயரினர். பாரிஸில் பேர்பெற்றிருந்த கண்வைத்தியர் ஒருவருக்குக் காட்டும்பொருட்டு, நோயின் வரலாற்றை ஒன்றும் விடாது எழுதியனுப்புமாறு அவர் கேட்டிருந்தார். அவ்வாறே எழுதப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன்பு பார்வை மங்கத் தொடங்கியது. அதே காலத்தில் வயிறு பொருமி வருத்தியது. காலையில் நூலை எடுத்தவுடன் கண்ணின் உள்ளே நோவு பிறக்கும், சிறிது உடலை அசைத்து உலாவினால் தணியும். விளக்கை நோக்கினால் அதனைச் சுற்றி வானவில் போன்ற வளையந் தோன்றும். பின்னர் இடக்கண்ணின் ஒரு புறத்தே மூடுபனி படர்ந்து, அப்பக்கத்துப் பொருள்களை எல்லாம் விழுங்கிவிட்டது. இங்ஙனம் ஒரு வைத்தியர் எழுதுமாப்போல நிதானமாக எழுதுவித்தவர், மகாகவி ஜோன் மில்டன்.

பத்தாண்டுகளுக்கு முன்பு என்றால் 1644 ஆம் ஆண்டு ஆகின்றது. அவ்வாண்டிலே அவருடைய இல்லத்தில் நிகழ்ந்ததை அக்கடிதம் கூறவில்லை. கூறவேண்டிய இடமும் அஃதன்று. மணந்த மனைவி ஒரு திங்களளவில் தாய்வீடு சென்று, திரும்பாமல் ஈராண்டு கழிந்திருந்த காலம் அது. மனைவியைப் பிரிந்த கணவர், விவாகரத்து வேண்டும் என்று நூல் எழுதி, நாடெங்கும் வசை கேட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே. மனத்துயரே கண்ணைக் கெடுத்தது என்று யாம் சொல்லத் துணியோம். பன்னிரண்டு வயது முதல் நள்ளிரவுவரை விளக்கொளியில் வாசித்ததே தம் கண்ணுக்குக் கேடு விளைத்தது என்று மில்டனே கருதினார். அவருடைய தாயாருக்கும் முப்பது வயது கடந்தவுடன் மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்ததாம். எனினும், இல்லறம் ஒரு மனிதனுடைய உடலையும் உள்ளத்தையும் எவ்வளவு தூரம் தாங்கும், எவ்வளவு தூரம் நலிக்கும் என்பதை ஆராய விரும்புவோர், இம்மகாகவியின் வாழ்க்கையைத் தவிர வேறோர் ஏடு தேடவேண்டியதில்லை.

தமிழ் மாணாக்கருக்கு மில்டன் முற்றும் அந்நியர் அல்லர். வெள்ளகால் சுப்பிரமணிய முதலியார் அவர்கள் அவருடைய பெருங்காப்பியத்தின் முதற் பகுதியைச் சுவர்க்க நீக்கம் என்னும் பெயராற் செய்யுளாகத் தந்தனர். வகுப்பிலே மில்டன் பெயரை எடுத்தால், மூன்று முறை மணந்தவர் என்று யாராவது ஒரு மாணவன் சொல்லுவான், மற்றையோர் நகைப்பர். நகைப்பதற்கு அதில் யாதுமில்லை. இருவரை அவர் மண்ணுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் அவரை மண்ணுக்குக் கொடுத்தார்.

1608 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார் மில்டன். தந்தையார் உறுதிப்பத்திரம் எழுதுதலும் வட்டிக்குப் பணம் கொடுத்தலும் தொழிலாகக் கொண்டவர், சங்கீத வித்துவானுமாவர். மைந்தனைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அது முடிந்த பின்னும் தொழிலொன்றிற் புகும்படி வற்புறுத்தாது, ஆண்டுக்கணக்காக வீட்டிலிருந்து கற்கவிட்டார். 1638 ஆம் ஆண்டிலும் மறுவருடத்திலும் இத்தாலி தேசத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய மில்டன், இலண்டனில் ஒரு வீடு கொண்டு, தமக்கையின் புதல்வர் இருவரை வைத்துப் பாடஞ் சொல்லி வந்தார். கல்வியே துணையாக முப்பத்து மூன்று வயது வரை தனித்து வாழ்ந்தவர். பெண்களோடு பேசிப் பழகும் வாய்ப்பு அவருக்கு மிகக் குறைவாகவே இருந்தது. ஒழுக்கத்தால் தூயவர், அத்தூய்மையே மணத்தைப் பற்றி அவர் மனத்தில் ஓர் உயர்ந்த கற்பனையை வளர்த்திருந்தது.

1642 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஒருநாள், காரணம் சொல்லாமல் ஊருக்குப் புறப்பட்டார். ஒரு திங்கள் கழித்துத் திரும்பியபோது உடன் ஒரு மனைவி வந்தாள். இதனை எழுதி வைத்தவர் அவருடைய மருமகனும் மாணாக்கனுமாகிய எட்வேட் பிலிப்ஸ். பெண், ஒக்ஸ்போட் நகரை அடுத்த பொரஸ்ட் ஹில் என்னும் ஊரில் வாழ்ந்த ரிச்சாட் பவல் என்பவரின் மகள் மேரி. வயது பதினேழு. பவல் குடும்பத்தார் மில்டனின் தந்தையாரிடம் 1627 ஆம் ஆண்டிலே 300 பவுண் கடன்பட்டிருந்தனர். அதன் வட்டிப்பணம் மில்டனுக்குச் சேரவேண்டியது. வட்டி கேட்கச் சென்றவர் மணமகனாகத் திரும்பினார் என்று பிற்காலத்தார் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. சீதனமாக 1000 பவுண் தருவதாக மாமனார் வாக்களித்தார். அப்பணம் மில்டன் இறக்கும்வரை வந்து சேரவில்லை. சீதனப் பேச்சு நம் நாட்டுக்கே உரியது என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க.

அப்பெண்ணின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவள் வளர்ந்தது பிள்ளைகளும் விருந்தினரும் நிறைந்த பெரிய வீடு. ஆட்டமும் பாட்டும் ஓயாத இடம். வந்து சேர்ந்ததோ, ஒலியடங்கிய ஒரு பண்டிதரின் வீடு. உண்ணும் வேளையன்றிப் பேச்சில்லை. பேசினாலும் அது எபிரேயம், கிரேக்கம், திருச்சபைச் சீர்திருத்தம். அவ்வீட்டிற் கேட்ட ஒலிகளில் ஒன்று, பாடம் தவறிய மருமக்கள் அடிபட்டு அழும் ஓசை. அது கேட்டு அவள் உளம் நொந்தாள் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்துள்ளார். பதினேழு வயதுப் பெண் முப்பத்து மூன்று வயதுக் கணவரோடு எதைப் பற்றிப் பேசுவாள்? அவளுடைய மௌனத்தைக் கணவர் மந்தபுத்தி என்று எண்ணினர் போலும். அச்சமாகவும் இருந்திருக்கலாம், அவ்வாறு அவர் எண்ணியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் சென்றதும் பெற்றோர் மகளைச் சிலகாலம் அனுப்பிவைக்குமாறு கேட்டனர். செப்டெம்பர் மாத முடிவில் வரும் மிக்கேல் திருநாளுக்குத் திரும்புவதாகச் சொல்லி அவள் சென்றாள். திருநாள் வந்தது, அவள் வரவில்லை. கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. ஆளனுப்பினார், அவ்வாள் அவமதிக்கப்பட்டுத் திரும்பினான். இதற்கிடையே அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசர் சார்ள்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டுவிட்டது. ஒக்ஸ்போட் அரசரின் பாசறையாயிற்று. பவல் குடும்பத்தார் அரசர் பக்கம். மில்டனோ பாராளுமன்றத்தின் பக்கம். அரசர் வெல்லுவார் என்று நம்பியிருந்த காலத்தில், எதிர்க்கட்சி மருமகனால் தமக்கு இழுக்கு நேரும் என்று அவர்கள் கருதியதாகப் பிலிப்ஸ் கூறுகின்றார். குடும்பத்துப் பிணக்கு எவ்வளவு, நாட்டுப் பிணக்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் இன்று எவராலும் இயலாது.

அக்காலத்து இங்கிலாந்தில் மணமுறிவு என்பது பெரும்பாலும் பெயரளவே. மணமே செல்லாது என்று தீர்க்கலாம். உடற்குறையால் இல்வாழ்க்கை நடத்த இயலாதவன் என்று காட்டினால் அவ்வாறு தீர்ப்பர். விபசாரமும் கொடுமையும் மெய்ப்பிக்கப்பட்டால் ஒரே கூரையின் கீழ் வாழாது பிரிந்திருக்க அனுமதிப்பர், மறுமணத்துக்கு இடமில்லை. இந்நிலையில் 1643 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், விவாகரத்தின் கொள்கையும் ஒழுங்கும் என்னும் பொருளுடைய தலைப்பில், ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், விரித்து எழுதிய இரண்டாம் பதிப்பு பாராளுமன்றத்துக்கு விண்ணப்பமாக வந்தது. 1645 ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குள் இதே பொருள்பற்றி மேலும் மூன்று நூல்கள் எழுதினார்.

அவர் வாதத்தின் ஆணிவேர் மிக எளியது. கடவுள் முதல் மனிதனுக்குத் துணையைப் படைத்தது அவன் தனிமையைத் தீர்ப்பதற்காகவே என்று வேதம் சொல்லுகின்றது. பிள்ளைப்பேறும் உடலின்பமும் அதற்குப் பின்னரே. ஆகவே உடற்குறை காரணமாக மணத்தை நீக்கலாம் என்றால், உள்ளம் ஒவ்வாமை காரணமாக நீக்குதல் அதனினும் நியாயம். நம் தமிழர் மனைவியை வாழ்க்கைத் துணை என்றனர். வள்ளுவர் அவள் பெருமை சொல்லும் அதிகாரத்துக்கே அப்பெயரை வைத்தார். மில்டன் வேண்டியதும் அத்துணையையே. துணையென்று வந்தது துணையாகாதபோது, தனியே இருந்தவனுக்கு இருந்த தனிமையினும் கொடிய தனிமை இரட்டையர் நடுவே தோன்றும் என்பது அவர் கண்ட உண்மை. அது மனச்சோர்வைத் தரும், தொழிலைக் கெடுக்கும், நாட்டுக்கு உழைக்கும் வலியை உறிஞ்சும், முடிவில் கடவுளிடத்தும் வெறுப்பை விளைக்கும். திருமணத்தை ஒழுக்கத்தின் கண்ணாலும் சட்டத்தின் கண்ணாலும் மட்டுமே நோக்கிய ஒரு காலத்தில், அதனை மனிதனுடைய சுகவாழ்வின் கண்ணால் நோக்கியவர் அவர். தம் சொந்தக் கதையை அவர் ஓரிடத்தும் சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வாத துணையோடு இருப்பவனின் துயரத்தை அவர் வருணிக்குமிடங்களிலே, நூல்வழிப் பெற்ற அறிவைவிட வேறொன்று பேசுகின்றது.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பு வசை ஒன்றே. 1644 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பாராளுமன்ற உறுப்பினர் முன்னிலையிற் பிரசங்கஞ் செய்த குருவானவர் ஒருவர், அந்நூல் எரிக்கப்படத் தக்கது என்று முழங்கினார். உரிமம் இன்றி வெளியிட்டமை பற்றி அச்சகத்தார் சங்கமும் முறையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மில்டன் வெளியிட்ட, அச்சுரிமை பற்றிய புகழ்பெற்ற நூலுக்கு இப்பகையும் ஒரு காரணம். எழுத்துச் சுதந்திரத்தைப் பற்றி இன்று நாம் பேசும் பேச்சுக்குள்ளே, தாய்வீடு சென்று திரும்பாத ஒரு பெண்ணின் நிழலும் இருக்கின்றது.

ஈண்டு யாம் ஒன்று கூறாமல் அப்பாற் செல்லுதல் நேர்மையாகாது. மனைவியின் துயரத்தையும் மில்டன் சிலவிடங்களிற் குறிக்கின்றார். ஆனால் முடிவு செய்யும் அதிகாரத்தைக் கணவன் கையிலேயே வைத்தார். நீதிமன்றம் தலையிடத் தேவையில்லை, அவன் மனச்சாட்சியே போதும் என்றார். இந்த ஏற்பாடு சட்டமாகியிருப்பின் எத்தனை பெண்கள் தெருவில் நின்றிருப்பர் என்பதை அவர் எண்ணவில்லை. இங்கிலாந்தில் நீதிமன்றத்தின்வழி மணமுறிவு 1857 ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி. மனைவிக்கும் கணவனுக்கும் ஒரே காரணம் போதும் என்றது 1923 ஆம் ஆண்டுச் சட்டம். எவர்மீதும் குற்றஞ் சாட்டாமல் மணம் முறிந்தது என்று சொல்லி விலகும் உரிமை 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மில்டன் கேட்ட ஒன்று கிடைக்க 379 ஆண்டுகள் சென்றன. ஆனால் அது கணவனுக்கும் மனைவிக்கும் ஒப்பக் கிடைத்தது. தாமதத்தால் வந்த நன்மை அது.

மில்டன் எழுதியதோடு நில்லாமல், டேவிஸ் என்னும் குடும்பத்துப் பெண் ஒருத்தியை மணக்கவும் எண்ணியதாகப் பிலிப்ஸ் எழுதுகின்றார். அச்செய்தி பவல் வீட்டாரை எட்டியது. அதற்குள் போரும் திரும்பிவிட்டது. 1645 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நேஸ்பி என்னுமிடத்தில் அரசர் படை தோற்றது. வெல்லும் பக்கத்து மருமகன் இப்போது வேண்டியவரானார். மில்டன் அடிக்கடி செல்லும் உறவினர் வீடொன்றில் மேரி மறைந்திருந்தாள். அவர் வந்ததும் வெளிப்பட்டு முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டாள். முதலிற் சினந்த மில்டன் பின்னர் இரங்கினார். விவாகரத்துக்கு நான்கு நூல்கள் எழுதியவர், மனைவியை அழைத்துக்கொண்டு வீடு சென்றார்.

சென்றது புதிதாக வாடகைக்குக் கொண்ட பெரிய வீடு. பெரிதாக இருந்ததும் நன்றே. ஏனெனில் 1646 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் வீழ்ந்து சொத்திழந்த பவல் குடும்பம் முழுவதும், மாமனார் மாமியார் மைத்துனர் உட்பட, அங்கே வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் மூத்த மகள் ஆன் பிறந்தாள். கால் ஊனமும் பேச்சுத் தடையும் உடையவள். பின் 1648 இல் மேரி, 1651 இல் ஜோன், 1652 மே 2 ஆந் திகதி டெபோரா. டெபோரா பிறந்த மூன்றாம் நாள் தாய் இறந்தாள். வயது இருபத்தேழு. அடுத்த மாதமே ஒரேயொரு மகனும் இறந்தான். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மில்டனின் இரு கண்ணும் முற்றாக ஒளி இழந்துவிட்டன. அவர் 1649 முதல் அரசாங்கத்தின் இலத்தீன் செயலாளர். கண்ணைக் காக்க வேண்டின் எழுத்துவேலையை நிறுத்துக என்று வைத்தியர் எச்சரித்தும், குடியரசைக் காத்து எழுதும் பெருநூலை அவர் விடவில்லை.

மேரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். இங்கிலாந்தின் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார், பிரெஞ்சு நாட்டின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து, மணமானவர் மணமாகாதவரிலும் கைம்மை எய்தியவரிலும் நீண்டு வாழ்கின்றனர் என்று 1858 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அதற்கு அவர் கண்ட விலக்கு ஒன்று உண்டு: இருபது வயதுக்கு முன் மணந்த பெண்கள். மணம் அவர்களைக் காக்கவில்லை; கெடுத்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய மேரி பவலின் கதை அக்கணக்கில் இல்லை. கணவரின் சரித்திரத்திலும் அவள் பேசிய ஒரு முழுச் சொல்லேனும் இல்லை. அவளுடைய தாயார் மட்டும் 1651 ஆம் ஆண்டில், பணவழக்கொன்று குறித்துக் கொடுத்த விண்ணப்பத்தில், மருமகன் கடுமையும் முன்கோபமும் உள்ளவர் என்றும், வற்புறுத்திக் கேட்டால் மகளுக்குத் துன்பம் நேரும் என்றும் சொல்லிவைத்தார்.

கண்ணில்லாத தந்தையும் மூன்று சிறு பெண்களும் நான்கு ஆண்டுகள் எவ்வாறு காலங் கழித்தனரோ! 1656 நவம்பர் 12 ஆந் திகதி கதரின் வூட்கொக் என்னும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணை மணந்தார். அவள் முகத்தை அவர் கண்டதேயில்லை. பதினைந்து மாதங்களே அவள் வாழ்ந்தாள். பெண்குழந்தை ஒன்றைப் பெற்று, 1658 பெப்ரவரியில் இறந்தாள். குழந்தை மார்ச்சிற் பின்தொடர்ந்தது. இறந்த மனைவியைக் கனவிற் கண்டு விழித்த துயரத்தை மில்டன் பதினான்கு அடிப் பாட்டொன்றாகச் செய்தார். எந்த மனைவியைப் பற்றியது என்று ஆராய்ச்சியாளர் சிலர் வழக்கிடுவர். கதரினே என்று கொள்வார் பலர். கனவிலே கண் திறந்திருந்தது, விடிந்ததும் இருள் சூழ்ந்தது என்னும் அப்பாட்டின் பொருளை உணர்ந்தவர்க்கு அவ்வழக்கு பெரிதன்று.

1660 ஆம் ஆண்டில் முடியாட்சி மீண்டது. மில்டன் ஒளிந்திருந்தார், அவர் நூல்கள் எரிக்கப்பட்டன, சிறைப்பட்டு, அவ்வாண்டு டிசெம்பரில் விடுதலை பெற்றார். பணத்திற் பெரும்பகுதி போயிற்று. வீட்டிலே மகள்மார் மூவர். இளையவர் இருவரும் கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் முதலிய மொழிகளைப் பொருள் தெரியாமலே உரக்க வாசிக்கப் பயிற்றப்பட்டிருந்தனர். பொருள் விளங்காத பாடத்தை மணிக்கணக்காக வாசிப்பதன் துன்பத்தை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் அறிவோம். அதனை நம் மாணாக்கர் நம்மினும் அறிவர். தாயற்ற அப்பெண்கள் தந்தையை வெறுத்தனர். அவருடைய நூல்களை இரகசியமாக விற்றனர். வேலைக்காரியைக் கொண்டு சந்தைச் செலவிலே கள்ளக்கணக்குக் காட்டச் செய்தனர். தந்தை மறுபடியும் மணக்கப்போகின்றார் என்று கேட்டபோது, அது ஒரு செய்தியா, அவர் இறந்தார் என்று கேட்டால் அதுவே செய்தி என்ற கருத்துப்பட நடு மகள் மேரி சொன்னதாகப் பின்னாளில் நீதிமன்றத்தில் ஒருத்தி சாட்சி கூறினாள். மகளைப் பழிக்குமுன் அவள் மூன்று வயதில் தாயை இழந்தவள் என்பதை நினைக்கவேண்டும்.

இந்த மூன்றாம் மணத்துக்கு வழிகாட்டியவர் ஒரு வைத்தியர். நண்பரான நேதன் பஜெட் என்பார், மில்டனின் உடலையும் வீட்டையும் பார்த்து, இவருக்கு ஒரு மனைவி வேண்டும் என்று கண்டு, தம் உறவுப் பெண்ணாகிய எலிசபெத் மின்ஷலைக் காட்டினார். 1663 பெப்ரவரி 24 ஆந் திகதி மணம் நடந்தது. மணமகனுக்கு ஐம்பத்து நான்கு. மணமகளுக்கு இருபத்து நான்கு. உள்ளம் ஒன்றுதலே மணத்தின் உயிர் என்று நான்கு நூல் எழுதியவர், மருந்துச் சீட்டுப் போல எழுதித்தரப்பட்ட ஒரு மணத்துக்கு உடன்பட்டார். அம்மணமே நன்றாக நடந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை.

நாள் ஒழுங்காயிற்று. கோடையில் நாலு மணிக்கும், மாரியில் ஐந்து மணிக்கும் எழுவார். எபிரேய வேதத்தை வாசிப்பிப்பார், பின் சிந்தனை, பின் எழுதுவித்தல். உணவின் பின் தோட்டத்தில் மூன்று நான்கு மணிநேரம் நடை, ஓர்கன் வாசிப்பு, மாலையில் நண்பர். இரவு இலேசான உணவு, ஒரு சுங்கான் புகை, ஒரு குவளை தண்ணீர். ஒன்பது மணிக்கு உறக்கம். கீல்வாதம் கைகால் முட்டுக்களை வீங்கச் செய்தபோதிலும், வலியிடையே பாடுவாராம். இரவிலே கவி உள்ளத்தில் ஊறிக் காலையில் எழுதுவார் வரத் தாமதித்தால், கறவாத பசுவைப் போலத் தாம் வருந்துவதாகச் சொல்லிக் குறைப்படுவார். இத்தகைய நாட்களிலே பெருங்காப்பியம் முடிந்தது. 1665 இல் இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, எல்வுட் என்னும் இளைஞர் அமர்த்திய கிராமத்து வீட்டுக்கு எலிசபெத்தும் குடும்பமும் அவரோடு சென்றனர். 1667 இல் காப்பியம் வெளிவந்தது. கையிற் கிடைத்த முதற் கூலி 5 பவுண்.

காப்பியத்திலும் இல்லறம் பேசப்படுகின்றது. விலக்கப்பட்ட கனியை உண்டபின் ஆதாமும் ஏவாளும் நாணி, உடலை மறைக்க இலை தேடுகின்றனர். மில்டன் அவர்களுக்குக் கொடுத்த இலை நம் ஆலமரத்தின் இலை. மலையாளத்திலும் தக்கணத்திலும் விழுதூன்றி நிழல்பரப்பி நிற்கும் மரம் என்று பெயர் சுட்டியே அதனை வருணிக்கின்றார். ஆலிலையை அகன்ற கேடயமாக அவர் கற்பித்தது பிழை, அதனை மன்னித்துவிடலாம். அம்மரத்தின் நிழலிலே கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பழித்து, முடிவில்லாமற் பிணங்குகின்றனர். பின்னர் ஏவாள் அவன் காலில் விழுந்து அழுகின்றாள், கோபம் தணிகின்றது, இருவரும் சேர்ந்து துயரத்தைச் சுமக்கத் துணிகின்றனர். 1645 இல் முழந்தாளிட்ட மேரியை இவ்விடத்தில் எண்ணாத வரலாற்றாசிரியர் இல்லை. 1671 இல் வெளிவந்த சிம்சோன் நாடகத்திலோ, கண்ணிழந்த வீரனிடம் மனைவி மன்னிப்புக் கேட்டு வருகின்றாள். அவன் அவளைத் தன்னைத் தொடவும் விடவில்லை. இரண்டும் ஒரே உள்ளத்திற் பிறந்தவை.

நம் காலத்து ஆராய்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்திலே 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, அது ஆறும் வேகத்தை அளந்தனர். 2005 ஆம் ஆண்டில் முடிபு வெளிவந்தது. பகைமையோடு பேசும் தம்பதிகளின் காயம், இணக்கமாகப் பேசுவோரின் காயம் ஆறும் வேகத்தில் நூற்றுக்கு 60 பங்களவிலேயே ஆறியது. மணமானவர் நெடிது வாழ்கின்றனர், மணமுறிந்தவர் கூடுதலாக நோயுறுகின்றனர் என்று கணக்குகள் பொதுவாகச் சொல்லும். நலமுடையோர்க்கே மணம் எளிதிற் கூடுகின்றது என்பதும் அக்கணக்கில் மறைந்திருக்கும். ஆயின் மணம் என்னும் பெயர் காயத்தை ஆற்றுவதில்லை, வீட்டில் நிகழும் பேச்சே ஆற்றுகின்றது என்பதை அக்கொப்புளங்கள் காட்டின. 1643 இல் மில்டன் சொன்னதில் உண்மை இருந்தது. அப்பேச்சு கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் இருக்கவேண்டும் என்று அவர் எண்ணியதே பிழை. எலிசபெத்துக்கு அம்மொழிகள் தெரியா. அவளுக்குக் குரல் உண்டு, இசைஞானம் இல்லை என்று அவரே சொன்னாராம். ஆயினும் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டார்.

1674 ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் நண்பகல் உணவின்போது, தமக்குப் பிடித்த பதார்த்தத்தை அவள் சமைத்து வைத்திருந்தாள். தாம் உயிரோடிருக்கும்வரை வாக்களித்தபடியே தம் விருப்பப்படி சமைத்துத் தருகின்றாய் என்று மகிழ்ந்து, தம் உடைமை எல்லாம் அவளுக்கே விட்டதை நினைவூட்டினார். வேலைக்காரி அதனைக் கேட்டிருந்தாள். ஜூலை மாதத்தில் தம்பி கிறிஸ்தோபரிடமும் வாய்மொழியாகவே மரணசாதனம் சொல்லியிருந்தார்: மாமனார் தராத அந்த 1000 பவுண் சீதனம், அன்பில்லாத மகள்மார்க்கு, மற்றையதெல்லாம் அன்புள்ள மனைவிக்கு. வராத பணத்தைக் கொடையாக வைத்தார். மகாகவியின் குணங்களுள் இதனைப் புகழ எமக்கு மனம் வரவில்லை. நவம்பர் மாதம் இரண்டாம் வாரத்தளவில், அருகிருந்தவர் அறியாவண்ணம் அமைதியாக உயிர் பிரிந்தது.

மகள்மார் வழக்குத் தொடுத்தனர். வாய்மொழி மரணசாதனத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. முடிவில் மகள் ஒருத்திக்கு 100 பவுண் வீதம் கொடுத்து எலிசபெத் வழக்கைத் தீர்த்துக்கொண்டாள். ஆன் கட்டட வேலைக்காரர் ஒருவரை மணந்து பிள்ளைப்பேற்றிலே இறந்தாள். மேரி மணமாகாமலே இறந்தாள். நெசவாளர் ஒருவரை மணந்த டெபோரா வறுமையில் வாழ்ந்தாள். முதுமையில் அவளைத் தேடிச் சென்றவர் முன்னிலையில், ஹோமர், ஒவிட் முதலியோர் நூல்களிலிருந்து பல அடிகளை அவள் மனப்பாடமாக ஒப்புவித்தாள். சிறு வயதிற் பொருள் தெரியாமல் வாசித்தவை அவை. தந்தையின் ஓவியத்தைக் காட்டியபோது கண்டவுடன் அடையாளங் கண்டு உள்ளம் உருகினாள். 1727 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவள் காலஞ்சென்றாள்.

எலிசபெத் மறுமணம் செய்யவில்லை. தன் பிறந்த நாட்டுப்புறமாகிய செஷயருக்குத் திரும்பி, நான்ட்விச் என்னும் ஊரிலே சிக்கனமாக வாழ்ந்தாள். கணவர் இறந்தபின் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, டெபோரா மறைந்த அதே 1727 ஆம் ஆண்டில் அவளும் இறந்தாள். அவள் வீட்டுப் பொருள்களுக்கு எடுத்த கணக்கிலே, சட்டி பானை தளபாடங்களோடு, மில்டனின் ஓவியங்களும் அவர் காப்பியத்தின் இரு பிரதிகளும் எழுதப்பட்டிருந்தன.